ஒரு ஜோடியில் இரண்டு வெள்ளை

எலெக்ட்ரீஷியன்கள் கிட்கேட் பியூஸ் என்று சொல்லும் பீங்கான் சாமானில் இரண்டு உறுப்புகள் உண்டு. பலகையில் திருகி வைக்கப்படும் பேஸ் ஒன்று. பியூஸ் கம்பியைத் தாங்கிக்கொண்டு அதில் செருகி உட்காரும் கேரியர் இன்னொன்று. பில் கட்டாத வீட்டில் ஈ.பி. ஊழியர் பிடுங்கிக்கொண்டு போவது இந்தக் கேரியரைத்தான். பழைய மின்பலகையை மாற்றும்போது கழற்றிப் போட்ட ஜோடி ஏதாவது கையில் கிடைத்தால், காயலான் கடைக்கு அனுப்புவதற்கு முன் தூசியைத் துடைத்துவிட்டு பகல் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வெள்ளை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருப்போம். கேரியரில் லேசாக நீலம் ஓடியிருக்கும், பேஸில் மஞ்சள் சாய்ந்திருக்கும். சில ஜோடிகளில் நேர்மாறாக இருக்கும். இரண்டும் அச்சு அசலாக ஒரே நிறத்தில் இருக்கிற ஜோடி அபூர்வம்.

இந்த நிற வேறுபாட்டைக் குறை என்று ஒதுக்குகிறவர்கள் அதிகம். நான் அதற்காகவே இந்த ஜோடிகளைச் சேர்த்து வைக்கிறேன். விருத்தாசலத்துப் பீங்கானில் எனக்கு மிகப் பிடித்தது எது என்று கேட்டால் பொம்மையையோ பூச்சாடியையோ சொல்ல மாட்டேன். ஒன்றோடொன்று பொருந்தி, நிறத்தில் மட்டும் சற்று விலகி நிற்கிற இந்த இரட்டைச் சாமான்களைத்தான் சொல்வேன்.

விருத்தாசலம் பீங்கான் ஊர் என்று பெயர் வாங்கி வெகுகாலம் ஆகிறது. தொழிற்பேட்டையில் வரிசையாகப் பீங்கான் கூடங்கள், ஊரிலேயே பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுக் கல்லூரி, பொம்மை, அகல் விளக்கு, கழிப்பறைச் சாமான், மின் இன்சுலேட்டர், பியூஸ் கேரியர் என்று வண்டி ஏறிப் போகும் சரக்கு. ஆனால் இந்தத் தொழிலின் வேர் தொழிற்பேட்டைக்குள் இல்லை. விருத்தாசலத்துக்குக் கிழக்கே கம்மாபுரம் வட்டாரத்தில், நெய்வேலியை ஒட்டிய கிராமங்களின் நிலத்துக்கு அடியில் அது இருக்கிறது.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்க நிறுவனம் 1956-இல் தொடங்கி, 1957-இல் தோண்ட ஆரம்பித்து, பழுப்பு நிலக்கரியைத் தொட்டது 1961-இல். நடுவில் போன வருஷங்கள் முழுக்க மேல்மண்ணை அகற்றுவதிலேயே கழிந்தன. அந்த மேல்மண் வெறும் மண் அல்ல. கடலூர் மணற்கல் என்று நிலவியலாளர்கள் பெயர் வைத்திருக்கும் அடுக்குகளும், அவற்றுக்கு இடையே களிமண் படுகைகளும் அதில் இருக்கின்றன. கம்மாபுரம் பக்கத்துச் சாலைகளில் போகும்போது சுரங்கத்துக்காரர்கள் குவித்த மண்மேடுகள் தூரத்தில் தெரியும். மழை பெய்து கழுவிய மறுநாள் அவற்றைப் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு வெள்ளை, வெளிர் மஞ்சள், காவி, செங்கல் சிவப்பு, மறுபடியும் வெள்ளை எனப் பட்டை பட்டையாக நிற்கும். பண்ருட்டிப் பக்கமும் இதே மண்ணின் உறவுதான். பால் கிளே என்று தொழிலில் சொல்கிற, நன்றாகப் பிசைய வருகிற களிமண் இங்கிருந்து கிடைக்கிறது. நெய்வேலியில் வெள்ளைக் களிமண்ணைக் கழுவிப் பிரிக்க ஓர் ஆலையே இருந்தது.

அந்தப் பட்டைகளின் நிறம் எல்லாம் இரும்பு. இரும்பு குறைந்த இடம் வெள்ளை, கூடிய இடம் மஞ்சளும் சிவப்பும். எவ்வளவு கழுவினாலும் களிமண்ணிலிருந்து இரும்பு முழுதாகப் போகாது. நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் கீழோ தங்கிவிடும். கூடவே டைட்டானியமும் கொஞ்சம் இருக்கும். வெள்ளைப் பீங்கான் என்று நாம் சொல்லும் எல்லாவற்றுக்குள்ளும் இந்தச் சிறு பங்கு இரும்பு ஒளிந்திருக்கிறது. அது சூளைக்குள் என்ன பாடு படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் நம் கைக்கு வரும் வெள்ளை எந்த வெள்ளை என்பது முடிவாகும்.

காற்று தாராளமாகப் போகிற சூளையில் இரும்பு ஆக்ஸிஜனை நிறைய எடுத்துக்கொண்டு மஞ்சள் காட்டும். டைட்டானியம் அந்த மஞ்சளைத் தூக்கிக் கொடுக்கும். காற்று குறைந்து எரிபொருள் மிஞ்சுகிற சூளையில் தீ, சாமானுக்குள்ளிருந்தே ஆக்ஸிஜனைப் பிடுங்கும். அப்போது அதே இரும்பு நீலமும் பச்சையும் கலந்த சாயலுக்கு மாறும். சீனத்து லுங்சுவான் சூளைகளின் புகழ்பெற்ற பச்சைப் பாத்திரங்கள் இந்த இரும்பின் வேலைதான். அங்கே அதற்கென்றே தீயைப் பழக்கினார்கள். விருத்தாசலத்துச் சூளையில் அது யாரும் கேட்காமலே நடக்கிறது. பர்னருக்குப் பக்கத்தில் ஒரு காற்று, மூலையில் ஒரு காற்று. மேல்தட்டில் ஒரு சூடு, கீழ்த்தட்டில் ஒரு சூடு. ஒரே சூளை, ஒரே நாள், ஒரே மண். வெளியே வரும்போது வெள்ளை நாலைந்து விதம்.

பியூஸ் சாமானுக்கு இது இன்னும் கூடுதல். கேரியரும் பேஸும் ஒரே அச்சில் பிறப்பதில்லை. அரைத்துக் கலந்த களிமண், பெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் பொடியை லேசான ஈரத்தோடு எண்ணெய் தடவிய எஃகு அச்சில் கொட்டி அழுத்தி எடுக்கிறார்கள். கேரியருக்கு ஓர் அச்சு, பேஸுக்கு ஓர் அச்சு. இன்று கேரியர், நாளை பேஸ் என்று வேலை நடக்கும். பேஸ் கனத்தது, சூடு அதன் உள்ளே போய்ச் சேர நேரம் பிடிக்கும். கேரியரின் கைப்பிடி மெலிந்தது, சீக்கிரம் சூடேறும். பிறகு பளபளப்புப் பூச்சான கிளேஸ் குழம்பில் முக்குகிறார்கள். முக்கும் கை ஒரு நொடி கூடுதலாக நின்றால் பூச்சு கனக்கும். சுமார் 1,250 டிகிரியில் வெந்து இறங்கியதும், ஏதோ ஒரு சூளையின் கேரியரும் ஏதோ ஒரு சூளையின் பேஸும் பித்தளைத் தகடு பூட்டப்பட்டு ஒரே அட்டைப்பெட்டிக்குள் போகின்றன. ரீவயரபிள் பியூஸுக்கு ஐ.எஸ். 2086 என்று இந்தியத் தர நிர்ணயம் ஒன்று உண்டு. வாங்குகிறவர் பார்ப்பதும் அந்த முத்திரையையும் ஆம்பியரையும்தான். நிறம் பொருந்துகிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததால்தான் மண்ணும் தீயும் தந்த நிறம் தந்தபடியே நம் வீட்டுச் சுவர் வரைக்கும் வந்து சேர்கிறது.

ஒரு கூடத்தில் சூளை பிரித்துச் சாமான் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்மணியிடம் இரண்டு கேரியர்களைக் காட்டி, “இது ரெண்டும் வேற வேற மண்ணாக்கா?” என்று கேட்டேன். வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. “ஒரே மண்ணுதான் தம்பி. இது மேல்தட்டுல வெந்தது, அது கீழ்த்தட்டு. ரெண்டும் நல்லாத்தான் வெந்திருக்கு” என்றார். சொல்லிவிட்டு இரண்டையும் ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். இரண்டும் கணீரென்றன. அவர் ஒதுக்கிவைத்த குவியலில் ஒன்றை எடுத்துத் தட்டினார், அது பொத்தென்றது. நிறத்தில் அது மற்ற இரண்டில் ஒன்றோடு அப்படியே ஒத்திருந்தது.

ரசனையின் முதல் பாடம் அந்தச் சத்தத்தில் இருக்கிறது. நிறம் ஒத்துப்போவது வேறு, சாமான் நன்றாக இருப்பது வேறு. நிறம் விலகியதெல்லாம் அழகு என்று நான் சொல்ல வரவில்லை. வேகாததால் விலகிய நிறம் ஒன்று உண்டு. அதில் ஒளி உள்ளே போகாது. மேற்பரப்பிலேயே மங்கி நிற்கும். உடைந்த விளிம்பில் நாக்கை வைத்தால் ஒட்டும். மை தொட்டு வைத்தால் உறிஞ்சிக்கொள்ளும். நன்றாக வெந்த பீங்கானின் உடைப்பில் மை மேலேயே நிற்கும், துடைத்தால் போய்விடும். மின்சாரத்தைத் தாங்க வேண்டிய சாமானில் இந்தச் சோதனை உயிர் சம்பந்தப்பட்டது. கிளேஸ் சுருண்டு ஓடி உடல் தெரிவது, ஊசித்துளை, மயிரிழை வெடிப்பு, தூசி விழுந்த கரும்புள்ளி, தட்டோடு ஒட்டிப் பெயர்ந்த அடி, இவையெல்லாம் கவனக்குறைவின் தழும்புகள். இவற்றைக் கைவேலையின் அழகு என்று பாராட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கூடத்தில் நாள் முழுக்க நின்று இவற்றைத் தவிர்க்கப் பாடுபடுகிறவர்களுக்கு அது மரியாதை ஆகாது. நான் சொல்வது இரண்டு உறுப்பும் முழுசாக வெந்து, முழுசாக மினுங்கி, ஆளுக்கொரு நிறத்தில் நிற்கிற ஜோடியை. அந்த நிற வித்தியாசத்துக்குக் காரணம் குறைபாடு அல்ல. ஒவ்வொன்றும் சூளையில் எங்கே இருந்தது என்பதுதான் காரணம்.

பார்க்கும் முறை ஒன்றும் உண்டு. டியூப் லைட்டில் பார்க்கக் கூடாது, எல்.இ.டி.யில் அறவே கூடாது. ஒரு விளக்கின் கீழ் ஒத்துப்போகும் இரண்டு நிறங்கள் இன்னொரு விளக்கின் கீழ் பிரிந்துவிடும். நிறம் பார்ப்பவர்களுக்கு இது பழைய சங்கடம். வெயில் நேராக விழாத காலைத் திண்ணை வெளிச்சம் போதும். முதலில் தட்டையான முகத்தைப் பார்க்காமல் விளிம்பைப் பாருங்கள். விளிம்பில் கிளேஸ் வழிந்து மெலிந்திருக்கும், உடலின் நிறம் அங்கே எட்டிப்பார்க்கும். பிறகு பள்ளமான மூலைகளை. அங்கே கிளேஸ் தேங்கிக் கனத்திருக்கும், நீலமோ மஞ்சளோ அங்கேதான் தன் முழு ஆழத்தில் தெரியும். ‘16 ஏ’, ‘32 ஏ’ என்று அச்சில் எழும்பி வந்த எழுத்துகளின் ஓரமெல்லாம் இப்படித் தேங்கல் இருக்கும். கடைசியாகச் சாமானைத் திருப்பி, கிளேஸ் படாத அடியைப் பாருங்கள். தட்டில் உட்கார்ந்த இடம் அது. மண்ணின் சொந்த நிறம் அங்கேதான் இருக்கிறது. கேரியரின் அடியும் பேஸின் அடியும் ஒரே நிறமாக இருந்து, மேலே மட்டும் விலகியிருந்தால் பூச்சின் கனம் காரணமாக இருக்கலாம். அடியே விலகியிருந்தால் மண்ணோ சூடோ காற்றோ காரணம். ஒரு ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவையும் படித்துவிடலாம்.

இதே இன்பத்தை இன்னும் பெரிய அளவில் தருவது ஊறுகாய் ஜாடி. மேல்பாதி பழுப்பு, கீழ்ப்பாதி வெளிர் நிறம் என்று நம் வீடுகளில் இருந்த கனத்த ஜாடி. அதன் மூடியைத் தனியாகத்தான் செய்கிறார்கள், தனியாகத்தான் முக்குகிறார்கள். மூடியின் பழுப்பும் தோளின் பழுப்பும் ஒன்றாக இருக்கும் ஜாடியைத் தேடினால் கிடைப்பது கடினம். என்னிடம் உள்ள ஒன்றில் தோள் கிட்டத்தட்டக் கருப்பு. மூடி சிவந்த பழுப்பு; குமிழின் உச்சியில் கிளேஸ் மெலிந்து தேன் நிறமே வந்துவிட்டது. இரும்பு நிறைந்த கிளேஸ் அப்படித்தான். கனமாக விழுந்த இடத்தில் கறுக்கும், மெலிந்த இடத்தில் வெளுக்கும், மெதுவாக ஆறினால் சிவப்பு எழும்பும். மூடி வேறொரு ஜாடிக்கு உரியதாகக்கூட இருக்கலாம். மாமியார் வீட்டு மூடி மருமகள் வீட்டு ஜாடிக்கு வந்து உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் எத்தனையோ. வாய் பொருந்தினால் போதும் என்பதே அங்கே கணக்கு. அந்த மூடியும் ஜாடியும் ஒரே பழுப்பில் இருந்திருந்தால் கண் ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்திருக்கும். இரண்டு பழுப்பு இருப்பதால் மூடிக்கும் தோளுக்கும் இடையே போய்ப் போய் வருகிறது.

நம் மண்ணில் இந்தச் சங்கதிக்கு வயது அதிகம். ஆதிச்சநல்லூரிலும் கொடுமணலிலும் அரிக்கமேட்டிலும் கீழடியிலும் கிடைக்கிற கருப்பு-சிவப்புப் பானையை நினைத்துப் பாருங்கள். உள்பக்கமும் வாய்ப்பகுதியும் கருப்பு, வெளியே கீழ்ப்பாகம் சிவப்பு. இரண்டு மண் இல்லை, இரண்டு சாயம் இல்லை. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். வாய் சாம்பலிலோ வைக்கோலிலோ புதைந்ததால் உள்ளே காற்றுப் போகவில்லை, கரி ஏறிக் கறுத்தது. வெளியே காற்றுப் பட்ட இடம் சிவந்தது. எகிப்தில் பிரமிடுகளுக்கு முந்தைய காலத்துக் குயவர்களும் இதேபோலக் கருவாய்ப் பானைகளைச் செய்தார்கள். கண்காட்சிப் பெட்டிகளில் இந்தப் பானைகளைப் பார்க்கும்போது எல்லோரும் கருப்பையும் சிவப்பையும் பார்ப்பார்கள். எனக்குக் கண் போவது இரண்டும் சேரும் இடத்துக்கு. அங்கே கோடு கிடையாது. விரல் அகலத்துக்கு ஒரு மங்கல் பட்டை இருக்கும். சிவப்பு, சாம்பல் கலந்த பழுப்பாகி, பிறகு கறுக்கும். காற்று எதுவரை போனது என்பதை அந்தப் பட்டை அப்படியே பதிந்து வைத்திருக்கிறது. அந்தக் குயவர் அதைத் தெரிந்தே செய்தார், அழகென்று எண்ணியே செய்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தற்செயலாக ஒரு பானை அப்படி வரலாம். தென்னாடு முழுக்க, நூற்றாண்டுக் கணக்கில் வராது.

பீங்கானுக்கு வெளியே இந்த நிற விலகலைப் பற்றி மிகத் தீவிரமாகக் கவலைப்படுகிறவர்கள் துப்பாக்கிக்காரர்கள். அமெரிக்காவில் 1950-களில் யூஜின் ஸ்டோனர் ஆர்மலைட் நிறுவனத்தில் வடிவமைத்த ஏ.ஆர். வகை ரைபிளின் உடல் அலுமினியம். அதுவும் மேலுறுப்பு, கீழுறுப்பு என்று இரண்டாகப் பிரிந்து பொருந்துவது. அலுமினியத்தை அமிலத் தொட்டியில் இறக்கி மின்சாரம் செலுத்தி அதன் மேற்பரப்பையே கெட்டியான ஆக்ஸைடாக மாற்றுவதுதான் ஆனோடைசிங். கடல் விமான உறுப்புகள் உப்புக்காற்றில் அரிக்காமல் இருக்க 1923-இல் பிரிட்டனில் பெங்கோ, ஸ்டூவர்ட் இருவரும் கொண்டுவந்த முறை அதன் தொடக்கம். ரைபிளுக்குப் போடும் கெட்டிப் பூச்சு சுமார் 50 மைக்ரான் கனம். அதில் பாதி உலோகத்துக்குள் இறங்கியும் பாதி மேலே வளர்ந்தும் இருக்கும். அந்த ஆக்ஸைடில் நுண்ணிய துளைகள் இருக்கும். அவற்றில் கருப்புச் சாயம் ஏற்றி, வெந்நீரிலோ நிக்கல் உப்புக் கரைசலிலோ துளையை அடைப்பார்கள்.

கதை அங்கேயும் இதுதான். அடித்து உருவாக்கிய 7075 கலவையில் துத்தநாகமும் செம்பும் அதிகம். நீட்டி எடுத்த 6061 கலவையில் மக்னீசியமும் சிலிக்கானும். ஒரே தொட்டியில் ஒரே நேரம் இறக்கினாலும் இரண்டும் ஒரே கருப்பாக வருவதில்லை. தொட்டியின் குளிர்ச்சி, மின்னோட்டம், சாயத்தின் வயது, துளை அடைத்த பக்குவம் எல்லாம் சேர்ந்து ஒன்றைக் கரிக்கருப்பாகவும் இன்னொன்றை வெண்கலம் சாய்ந்த கருப்பாகவும் ஆக்கும். துளை சரியாக அடைபடாத உறுப்பு, வெயில் பட்டுப் பட்டுக் கத்திரிப்பூ நிறத்துக்கே போய்விடும். மேலுறுப்பு ஒரு தொழிற்சாலை, கீழுறுப்பு ஒரு தொழிற்சாலை என்று வாங்கிப் பூட்டியவருக்கு இது தெரியாமல் போகாது. சிலர் இரண்டின் மேலும் பெயின்ட் அடித்து ஒன்றாக்கிவிடுகிறார்கள். சிலர் அந்த விலகலுக்காகவே பழைய உறுப்புகளைத் தேடிச் சேர்க்கிறார்கள். ஆரம்பகால எம்-16 துப்பாக்கிகளின் சாம்பல் நிறப் பூச்சுக்கு அவர்களிடம் தனி மதிப்பு.

நம் பக்கத்தில் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 1966-லிருந்து இருக்கிறது. அங்கே உருவாகும் ரைபிள்களுக்கு எஃகுதான் ஆதாரம் என்பதால் ஆனோடைஸ் நிறப் பிரச்சினைக்கு அங்கே பெரிய வேலையில்லை. நம் ஊர் ஆட்கள் பார்த்த விலகல் பழைய .303 துப்பாக்கியின் மரத்தில். பின்கட்டை ஒரு மரம், குழாயை மூடும் முன்கட்டை வேறொரு காலத்து மரம் என்று என்.சி.சி. பயிற்சியில் தூக்கியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆனோடைஸ் விலகலையே பார்க்க வேண்டுமானால் ஜன்னல் போதும். பத்து வருஷத்துக்கு முன் போட்ட பழுப்பு அலுமினியச் சட்டத்துக்குப் பக்கத்தில் இப்போது ஒரு கதவு சேர்த்தவர் வீட்டில் போய்ப் பாருங்கள். புதுச் சட்டமும் பழுப்புதான், ஆனால் அந்தப் பழுப்பு இல்லை.

ஜன்னலில் அந்த விலகல் எனக்குப் பிடிக்காது. சொல்லத்தான் வேண்டும். ஒரே சுவரில் ஒரே வரிசையில் ஓடும் சட்டங்களைக் கண் ஒரே பரப்பாகத்தான் படிக்கிறது. நடுவில் நிறம் மாறினால் தடுக்குகிறது. தரை ஓடும் அப்படியே. மோர்பியிலிருந்து வரும் டைல்ஸ் பெட்டியில் ஷேட் எண் அச்சிட்டிருப்பது அதற்காகத்தான். ஒரே எண்ணாகப் பார்த்து வாங்கு, நாலு ஓடு கூடவே வாங்கி வை என்று கொத்தனார் சொல்வது அனுபவ ஞானம். தரையில் நிறம் பொருந்த வேண்டும். அங்கே பொருத்தம் என்பது கண்ணுக்குக் காட்டுகிற மரியாதை. ஆனால் கேரியரும் பேஸும், மூடியும் ஜாடியும், ரைபிளின் மேலுறுப்பும் கீழுறுப்பும் ஒரே பரப்பு அல்ல. ஆளுக்கொரு வேலை உள்ள இரண்டு உறுப்புகள். ஒன்று நிலையாக நிற்கிறது, இன்னொன்று வந்து போகிறது. ஒன்று தாங்குகிறது, இன்னொன்று மூடுகிறது. அவை இரண்டு நிறத்தில் இருக்கும்போது வேலை பிரிந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது. ஒரே நிறத்தைப் பூசி மறைத்தால் சாமான் ஒரு கட்டி போல ஆகிவிடுகிறது. எங்கே பிரியும், எங்கே பிடிக்க வேண்டும் என்பதைக் கை தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரே நிறத்தை எட்டிப் பிடிப்பது சாதாரண சாதனை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் ஜோசையா வெட்ஜ்வுட், தன் வெளிர்மஞ்சள் பாத்திரங்களின் நிறத்தை நிலைநிறுத்த ஆண்டுக்கணக்கில் மண்ணையும் கிளேஸையும் சோதித்தவர். சூளைச் சூட்டை அளக்க, வேக வேகச் சுருங்கும் களிமண் துண்டுகளைக் கொண்டு ஓர் அளவுமானியே செய்தார். அதற்காக 1783-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. பெர்லினில் ஹெர்மன் ஸேகர் 1886-இல் உருவாக்கிய கூம்புகள் அந்த வழியில் வந்தவை. குறிப்பிட்ட சூட்டில் குறிப்பிட்ட கூம்பு தலை சாயும். சூளையின் பார்வைத் துளையில் கண்ணை வைத்து, எந்தக் கூம்பு சாய்ந்தது என்று பார்த்துத் தீயை நிறுத்துவார்கள். இன்றும் பீங்கான் படிக்கிற பிள்ளைகளுக்கு அது பால பாடம். இத்தனை அறிவும் வந்த பிறகும் மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒரே சூடாவதில்லை. கூம்பு தான் நிற்கிற இடத்துச் சூட்டைத்தான் சொல்லும்.

இப்போது சில கூடங்களில் ஒரு குறுக்கு வழி பிடித்திருக்கிறார்கள். கிளேஸில் ஸிர்கான் பொடியைக் கூடுதலாகச் சேர்த்தால் பூச்சு ஒளியை உள்ளே விடாது. உடல் எந்த நிறமாக இருந்தாலும் மேலே ஒரே வெள்ளை. தொட்டியும் கழிப்பறைச் சாமானும் செய்ய அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பொம்மைக்கும் விளக்குக்கும் போடும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. ஒரே அச்சில் வார்த்த இரண்டு யானைகள் ஜோடியாக விற்கின்றன. பழைய முறைக் கிளேஸில் வெந்த ஜோடியில் ஒன்றின் காது மடிப்பில் நீலம் தேங்கியிருக்கும், மற்றதன் முதுகில் மஞ்சள் படர்ந்திருக்கும். பக்கத்தில் வைத்தால் இரண்டும் தனித்தனி மிருகம் என்று தெரியும். ஸிர்கான் போட்ட ஜோடியில் இரண்டு யானைக்கும் ஒரே சுண்ணாம்பு முகம். மடிப்பில் பார்க்க எதுவும் இல்லை. ஒளி மேலே பட்டு மேலேயே திரும்பிவிடுகிறது.

உபயோகமும் தன் பங்குக்கு நிறத்தைப் பிரிக்கும். பேஸ் முப்பது வருஷம் சுவரிலேயே இருக்கும். கேரியர் கைதவறி உடையும், கருகும், கடையில் புதிது வாங்கிச் செருகுவார்கள். என் சேகரிப்பில் உள்ள ஒரு ஜோடியில் பேஸின் ஓரங்கள் அடுப்புப் புகையில் பழுத்திருக்கின்றன. தொடுமுனைகளைச் சுற்றி, கம்பி எரிந்தபோதெல்லாம் ஆவியாகிப் படிந்த உலோகம் சாம்பல் நிறப் படலமாக நிற்கிறது. நகத்தால் சுரண்டினால் போகவில்லை. அதில் செருகியிருந்த கேரியர் பளிச்சென்று நீல வெள்ளை, வாங்கி அதிக நாள் ஆகியிருக்காது. அதற்குள், மின்சாரம் மிஞ்சினால் தானே அணையும் எம்.சி.பி. சுவிட்ச் வந்து ஜோடியையே சுவரிலிருந்து இறக்கிவிட்டது. பாதுகாப்புக்கு எம்.சி.பி.தான் சரி, கம்பி சுற்றத் தெரியாதவர்கள் கனத்த கம்பியைச் சுற்றிவைத்து வீட்டையே எரித்துக்கொண்டதும் உண்டு. அதனால் பழையதை மறுபடி சுவரில் மாட்டச் சொல்லவில்லை. கழற்றியதைத் தூக்கிப் போடாமல் ஒருமுறை வெளிச்சத்தில் பார்க்கச் சொல்கிறேன்.

கூடக்காரர்களிடம் கேட்டுக்கொள்ள ஒன்று உண்டு. சாமானின் அடியில், கிளேஸ் படாத இடத்தில், எத்தனையாவது சூளை, எந்தத் தட்டு என்று இரண்டு எண்ணைக் குறித்து அனுப்புங்கள். இரும்புக் காவியில் ஒரு தூரிகைக் கீற்று போதும். வெந்த பிறகும் அழியாது. டைல்ஸ் பெட்டிக்கு ஷேட் எண் இருப்பது நிறம் பொருந்துவதற்காக. இந்த எண் நிறம் ஏன் பொருந்தவில்லை என்பதைத் தெரிந்துகொள்வதற்காக இருக்கட்டும். மேல்தட்டு மூடியும் கீழ்த்தட்டு ஜாடியும் என்று கேட்டு வாங்க விருத்தாசலத்துக்கு ஆட்கள் வருவார்கள். நான் முதலில் வருவேன்.